ஹைபர்நேட்டிலிருந்து எழுந்த லேப்டாப்பில் வைஃபை இல்லையா?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் துணைமின் நிலையப் பராமரிப்புக்காகப் பகலெல்லாம் கரண்ட் போகும் நாட்களில், பேட்டரி தேய்ந்த லேப்டாப்பை ஸ்லீப்பில் விடாமல் ஹைபர்நேட்டில் போடுவதே நல்லது. ரேமில் இருப்பதெல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். 2024 ஃபெஞ்சல் புயலின்போது போல நாள்கணக்கில் கரண்ட் வராவிட்டாலும் திறந்துவைத்த வேலை பத்திரம்.

வம்பு, எழுப்பும்போதுதான். திரை வரும், வைஃபை வராது, இல்லை ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கடைக்காரர் "விண்டோஸ் போட்டுடலாம்" என்பார். அவசரப்படாதீர்கள்.

சாதாரணமாக பூட் ஆகும்போது டிரைவர் புதிதாக ஏறி, தன் சாதனத்தை முதலிலிருந்து தயார்செய்யும். ஹைபர்நேட்டில் அப்படியில்லை. டிரைவர் பழைய நினைவோடு ரேமுக்குத் திரும்புகிறது. வைஃபை சிப்போ மின்சாரம் இழந்து, ஏற்றிவைத்த ஃபர்ம்வேரையும் மறந்து நிற்கிறது. இயங்குதளம் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, சாதனத்தை மறுபடி தயார்செய்யச் சொல்லும். லினக்ஸில் இன்னும் ஒரு சுற்று: புதிதாக பூட் ஆன கெர்னல் பழைய படிமத்தை ரேமில் ஏற்றி, தான் தொட்ட சாதனங்களை நிறுத்திவிட்டு, பழைய கெர்னலிடம் ஒப்படைக்கும். அரைகுறையாக எழுதிய டிரைவர் சறுக்குவது இங்கேதான்.

1. முதலில் ரீஸ்டார்ட். ஷட்டவுன் போதாது, விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட்டவுனிலும் கெர்னலையும் டிரைவர்களையும் ஹைபர்நேட் கோப்பில்தான் போட்டுவைக்கிறது.

2. வேலையை மூட முடியாதென்றால் டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தை டிஸேபிள் செய்து, மறுபடி எனேபிள் செய்யுங்கள். டிரைவர் அதை முதலிலிருந்து தயார்செய்யும்.

3. அடிக்கடி வந்தால், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான டிரைவரைப் போடுங்கள். புது டிரைவர் வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பித்ததா? ரோல்பேக் செய்யுங்கள்.

4. ஷட்டவுன் செய்து திறக்கும்போதும் இதே தொல்லை என்றால், கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், பவர் பட்டன் அமைப்புக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிடலாம். பூட் ஆகச் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான்.

2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அவற்றில் பல, விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தவை. விண்டோஸை ஹைபர்நேட்டில் விட்டுவிட்டு, பாஸில் நுழைந்து விண்டோஸ் டிரைவில் எதையும் எழுதாதீர்கள். விண்டோஸ் எழும்போது டிஸ்க்கின் பழைய கணக்கையே நம்பும்; நீங்கள் சேர்த்த கோப்பு மட்டுமல்ல, மற்றவையும் கெடலாம். பெரும்பாலும் லினக்ஸே எழுத மறுத்து, படிக்க மட்டும் திறக்கும். அதை மீறி வற்புறுத்தினால் ஹைபர்நேட் கோப்பு அழிந்து, சேமிக்காத வேலை போய்விடும். ரேம் மாற்றுவதானாலும் முழுதாக அணைத்த பிறகுதான்.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், "ரீஸ்டார்ட் பண்ணா வருது, ஹைபர்நேட்டுக்கு அப்புறம்தான் வரலை" என்று சொல்லிக் கொடுங்கள். டிரைவரைத்தான் பார்க்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்துவிடும். ரீஸ்டார்ட்டிலும் வரவில்லையென்றால் வைஃபை கார்டையே சோதிக்கச் சொல்லுங்கள்.