புது ஷாக் போட்டாச்சு, இந்த 'டொக்' எங்கிருந்து?

இன்டர்செப்டர் 650-இல் சஸ்பென்ஷன் ஓட்டம் முன்னால் 110 மி.மீ., பின்னால் 88 மி.மீ. மட்டுமே. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் இடுப்பு பேசுகிறது என்று பின்னால் கேஸ் ஷாக்கும் முன்னால் புரோகிரசிவ் ஸ்பிரிங்கும் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வண்டி சுகமாகத்தான் போகும். கூடவே இதுவரை கேட்காத ஒரு 'டொக்' வரும். "புதுசு இல்லையா, ஓட ஓட செட் ஆயிடும்" என்பார் மாட்டிக்கொடுத்தவர். ஆகாது. பெரும்பாலும் கோளாறு புது சாமானில் இருக்காது; அதை மாட்டுவதற்காகக் கழற்றிய இடத்தில்தான் இருக்கும்.

செய்ய வேண்டியவை

எதையும் பிரிப்பதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பிரேக் பிடிக்கும்போதா, சின்னக் குழியிலா, மேடு தாண்டிச் சக்கரம் கீழே இறங்கும்போதா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பிரேக்கில் 'டொக்' என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டீயும் சேரும் இடத்தில் விரலை வைக்கட்டும். அங்கே அதிர்ந்தால் கோன் செட் லூஸ். ஃபோர்க் பைப் கீழ்க்குழாய்க்குள் நுழையும் இடத்தில் அதிர்ந்தால் புஷ் தேய்மானம். இரண்டும் இல்லையென்றால் காலிப்பரைத் தொட்டுப் பாருங்கள்; பேட் ஆடினாலும் இதே சத்தம்தான் வரும்.

மேடு தாண்டியதும் 'டங்' என்று கேட்டால் ஃபோர்க் முழு நீளத்துக்கு நீண்டு முட்டுகிறது. எமுலேட்டர் (டேம்பிங்கைக் கட்டுப்படுத்தும் வால்வு) போட டேம்பர் ராடை வெளியே எடுத்திருந்தால், அதிலிருக்கும் குட்டி ரீபவுண்டு ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். எமுலேட்டரை டேம்பர் ராடின் தலையில் அழுத்தி வைத்திருப்பது மேலே உள்ள ஸ்பிரிங் மட்டுமே. ஸ்பிரிங்கோடு வைக்கும் ஸ்பேசரை அரை அங்குலம் குட்டையாக வெட்டியிருந்தால் ஃபோர்க் நீளும்போது எமுலேட்டர் எழும்பி உட்கார்ந்து கடகடக்கும். ஸ்பேசருக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வாஷர் இருக்க வேண்டும், பி.வி.சி. ஸ்பேசரின் வெட்டுமுனை கோணலாக இருக்கக் கூடாது.

ஃபோர்க் ஆயிலை அளக்கும்போது ஸ்பிரிங் வெளியே, ஃபோர்க் முழுக்க அமுங்கிய நிலை, குமிழி நிற்கும்வரை பம்ப் செய்திருக்க வேண்டும். இரண்டு காலிலும் ஒரே மட்டம். 'சர்ர்' என்று ஆயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டால் கவலைப்பட ஒன்றுமில்லை.

பின்னால் ஷாக்கின் கண்ணில் போடும் ஸ்லீவ் உங்கள் போல்ட்டுக்குச் சரியான அளவுதானா என்று பாருங்கள். அரை மி.மீ. தளர்வு போதும், ஒவ்வொரு குழிக்கும் தட்டும். தனி டேங்க் வைத்த ஷாக் என்றால் அது சைலன்சரிலோ சைடு பேனலிலோ இடிக்கலாம். சந்தேகப்படும் இடத்தில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிவிட்டு ஒரு ரவுண்டு போய் வாருங்கள்; நசுங்கியிருந்தால் ஆள் சிக்கியாச்சு.

நீளமான ஷாக் போட்டவர்கள் செயின் தளர்வையும் திரும்பப் பார்க்க வேண்டும். ஸ்விங் ஆர்மில் செயின் அடிக்கும் சத்தத்துக்குப் பழி ஷாக்கின் மேல் விழுவது வழக்கம்.

முன் சக்கரத்தை மாட்டும்போது ஆக்சிலை இறுக்கி, ஃபோர்க்கை நாலு முறை அமுக்கி விட்டு, பிறகே பின்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை பாருங்கள்.

செய்யக்கூடாதவை

கீச்சென்றதும் டபிள்யூ.டி.-40 அடிக்காதீர்கள். டிஸ்க்கில் தெறித்தால் பிரேக் போச்சு. ரப்பர் புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ்தான். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும்.

சத்தத்தை அடக்க ப்ரீலோடை முழுக்கத் திருகாதீர்கள். அதனால் ஸ்பிரிங் கெட்டியாகாது. வண்டி உயர்ந்து, நீளும்போது முட்டுவதுதான் அதிகமாகும். நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இறங்க வேண்டும். இந்த வண்டியின் முன்பக்கத்துக்கு அது சுமார் 28 முதல் 36 மி.மீ.

கெட்டியான ஆயில் ஊற்றி மறைப்பதும் வேண்டாம். ஒரு கம்பெனியின் 10W இன்னொன்றின் 10W போலவே இருக்கும் என்று நம்பவும் வேண்டாம்.

ஸ்பானரில் பைப் செருகி இறுக்காதீர்கள்.

கேஸ் ஷாக்கை வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கிறது.

கோன் செட் ஆடினாலோ, ஃபோர்க் காலில் ஆயில் வழிந்தாலோ 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஓட்டாதீர்கள்.

முன்னும் பின்னும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது கத்துகிறது என்று தெரியாமல் போகும். கழற்றிய பழைய ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் வாஷரோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எதுவும் பிடிபடாவிட்டால் பழையதையே திரும்ப மாட்டி, அதே தெருவில் ஒரு சுற்று போங்கள். அப்போதும் சத்தம் வந்தால், வாரண்டி கேட்டுக் கடைக்குப் போக வேண்டாம்.