மெய்நிகர் விமான நிறுவனம்: சேரும் முன் பார்க்க வேண்டிய பறத்தல் விதிகள்

மெய்நிகர் விமான நிறுவனம் என்பது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் போன்ற மென்பொருள்களில் விமானம் ஓட்டுவோர் கூடி நடத்தும் அமைப்பு. வழித்தடங்கள், கால அட்டவணை, பயிற்சி அதிகாரி முதல் கேப்டன் வரையிலான பதவிப் படிகள் எல்லாம் உண்டு; சம்பளம்தான் இல்லை. சேர வருவோர் முதலில் பார்ப்பது விமானங்களின் வண்ணத்தையும் வழித்தடப் பட்டியலையும். ஆனால் ஆறு மாதம் கழித்தும் ஒருவர் அங்கே நிலைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது பறத்தல் விதிகளே.

இவ்விதிகளில் மூன்று வகை உண்டு. மிகத் தளர்ந்த வகையில், பறந்த நேரத்தை உறுப்பினரே படிவத்தில் எழுதி அனுப்பினால் போதும். எப்படிப் பறந்தார் என்று யாரும் கேட்பதில்லை. அலுவலுக்கும் குடும்பத்துக்கும் இடையே கிடைக்கும் நேரத்தில் பறப்போருக்கு இது வசதி. பதவி உயர்வு மணிக்கணக்கை மட்டும் சார்ந்திருப்பதால் கேப்டன் பட்டைக்கு அங்கே பெரிய பொருள் கிடையாது.

இரண்டாம் வகையில் ஏகார்ஸ் எனப்படும் பதிவு மென்பொருள் கட்டாயம். வேகம், உயரம், எரிபொருள், விளக்குகள், இறக்கைமடல் நிலை எல்லாவற்றையும் அது குறித்துக்கொண்டு, பயணம் முடிந்ததும் மதிப்பெண் போடும். 10,000 அடிக்குக் கீழே வேகம் 250 நாட் (knots) அளவைத் தாண்டினால் மதிப்பெண் குறையும். சிமுலேட்டர் நேரத்தை வேகமாக ஓடவிட்டால் சில நிறுவனங்கள் அறிக்கையையே நிராகரிக்கும். லண்டனிலிருந்து நியூயார்க் செல்ல ஏழெட்டு மணி நேரம் கணினியை ஓடவிட முடியாதவர் இந்த விதியை முதலில் படிக்க வேண்டும்.

இவ்வகையில் அதிகம் கவனிக்க வேண்டியது தரையிறங்கும் வேகம். சக்கரம் தரையைத் தொடும் கணத்தில் விமானம் நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கியது என்ற ஒற்றை எண்ணுக்குப் பல நிறுவனங்கள் அளவுமீறிய மதிப்புத் தருகின்றன. பெரிய பயணிகள் விமானங்கள், அவற்றின் உச்சத் தரையிறங்கும் எடையில், வினாடிக்கு 10 அடி, அதாவது நிமிடத்துக்கு 600 அடி இறக்கத்தைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. அந்த அளவைத் தாண்டினால் அறிக்கையை நிராகரிப்பது நியாயம். எண் குறையக் குறைய மதிப்பெண்ணைக் கூட்டுவதுதான் கோளாறு. நிமிடத்துக்கு 60 அடியில் பூப்போல இறங்க ஆசைப்படுபவர் ஓடுபாதைக்கு மேலே மிதந்துகொண்டே போய், பாதி தூரம் கடந்த பிறகு சக்கரத்தைப் பதிப்பார். ஓடுபாதை நனைந்தோ நீளம் குறைந்தோ இருந்தால் உறுதியாகப் பதிந்து இறங்குவதே சரியான முறை என்று மெய்யான விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஆகவே நல்ல விதித்தொகுப்பு இறங்கும் வேகத்தோடு வேறு இரண்டையும் அளக்கும்: ஓடுபாதையின் தொடக்கப் பகுதியிலேயே சக்கரம் பதிந்ததா, 1,000 அடி உயரத்திலேயே வேகமும் இறக்கமும் சீராகி, சக்கரங்களும் இறக்கைமடல்களும் தரையிறங்கும் நிலைக்கு வந்துவிட்டனவா. சீராகாத தரையிறங்கல் முயற்சியைக் கைவிட்டு மறுபடி மேலேறியவருக்கு மதிப்பெண் குறைக்கும் நிறுவனம் தவறான பழக்கத்தைத்தான் வளர்க்கிறது.

மூன்றாம் வகை, தேர்வு வைத்து விமான வகைவாரியாகத் தகுதி அளிப்பது. சிறிய விமானத்தில் தொடங்கி, எழுத்துத் தேர்வும் சோதனைப் பறப்பும் முடித்த பின்னரே ஏர்பஸ் ஏ320, போயிங் 777 என்று போக முடியும். மனிதர்கள் பார்த்துத் திருத்துவதால் முன்னேற்றம் மெதுவாக இருக்கும். கற்கும் ஆர்வம் உள்ளவருக்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

இவற்றின் மேல் இன்னொரு கேள்வியும் உண்டு: இணைய வலையமைப்பில் பறப்பது கட்டாயமா? இத்தகைய வலையமைப்புகளில் ஐவாவோ 1998 முதலும், வாட்சிம் 2001 முதலும் இயங்குகின்றன. அங்கே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் தன்னார்வலர்களே. வாட்சிமில் கட்டுப்பாட்டாளர் இல்லாத வான்பரப்பில் 122.800 யுனிகாம் அலைவரிசையில் விமானிகள் தங்களுக்குள் தகவல் சொல்லிக்கொள்வார்கள். கட்டுப்பாட்டாளர் அழைக்கும்போது பதில் தராமல் இருப்பது பெரிய குற்றம். விமானத்தைத் தானியங்கியில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் தூங்கப் போகிறவருக்கு இது ஒத்துவராது.

எந்த வகையானாலும் சேரும் முன் மூன்று விவரங்களைக் கேட்டுவிடுவது நல்லது: உறுப்பினராக நீடிக்க மாதத்துக்கு எத்தனை பறப்புகள் வேண்டும், வேறு நிறுவனத்தில் சேர்த்த மணிகள் செல்லுமா, நிராகரித்த அறிக்கைக்கு மேல்முறையீடு உண்டா. புதியவருக்கு ஏற்றது, ஏகார்ஸ் பதிவையும் வைத்து, அதை ஒரு மூத்த உறுப்பினர் படித்துக் கருத்தும் எழுதும் நிறுவனம். தரையிறங்கும் வேகத்தை மட்டும் வைத்துத் தரவரிசைப் பட்டியல் போடும் நிறுவனத்தைத் தவிர்க்கலாம்.