பழைய பக்கமும் புதிய செய்தியும்



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான காலை நேரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த அக்காமார் சிலர் தம் மதிப்பெண்களைப் பார்த்து மகிழ்ந்து, இராஜபாளையத்தில் இருந்த தம் தோழிக்குத் தொலைபேசியில் வாழ்த்துக் கூறினர். அந்த அக்காவோ அழுதுகொண்டிருந்தார். "முடிவு விரைவில் வெளியாகும் என்றுதான் எனக்கு இன்னும் காட்டுகிறது. உங்களுக்கெல்லாம் வந்துவிட்டதே! எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?" என்றார். முந்தின இரவிலிருந்து அதே இணைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மகளின் முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்களோ என்று தாயாரும் கலங்கினார்.

பேருந்தில் அரை மணி நேரம் போனால் வரும் ஊர். ஒரே பக்கம் இங்கே புதிதாகவும் அங்கே பழையதாகவும் தெரிவானேன்? வருகிற மே மாதம் எங்கள் முறை அல்லவா! ஆகவே எங்கள் கணினி ஆசிரியையிடம் விளக்கம் கேட்டோம். அறிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் வந்து கேட்கும்போதும் கடைக்காரர் புதிதாகப் பால் காய்ச்சுவதில்லை. முன்பே கிண்டி வைத்ததை எடுத்துத் தருகிறார். பிரௌசர் என்னும் உலாவியும் அப்படியே. ஒருமுறை பார்த்த பக்கத்தின் நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. இதற்குக் 'கேஷ்' என்று பெயர். மறுமுறை கேட்டால் தொலைவில் உள்ள சர்வருக்குப் போகாமல் அந்த நகலையே காட்டிவிடுகிறது. நேரமும் செலவும் மிச்சம்.

நகலை எத்தனை நேரம் வைக்கலாம் என்பதைத் தளத்தார் விநாடிக் கணக்கில் எழுதி அனுப்பலாம். 86,400 என்று எழுதினால் ஒரு நாள். 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1 விதிகளிலேயே இதற்கு வழி வகுக்கப்பட்டது. எதுவும் எழுதாவிட்டால் உலாவி தானே ஊகிக்கும். பக்கம் மாறாமல் இருந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. பத்து நாள் மாறாத பக்கத்தை இன்னும் ஒரு நாள் மாறாது என்று நம்பிவிடும்! அந்த அக்காவுக்கு நேர்ந்தது இதுவே என்றார் ஆசிரியை. மூடித் திறப்பது வேறு, புதுப்பிப்பது வேறு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

இனி, பழைய பக்கம் தெரிந்தால் செய்ய வேண்டியவை:

1. முதலில் 'ரிஃப்ரெஷ்' செய்யுங்கள். கைப்பேசியில் பக்கத்தின் மேற்பகுதியை விரலால் கீழே இழுத்து விட்டால் போதும். "இது மாறிவிட்டதா?" என்று உலாவி சர்வரைக் கேட்கும். மாறாவிட்டால் 304 என்ற எண்ணே விடையாக வரும். மாறியிருந்தால் புதிய பக்கம் வரும்.

2. கணினியில் குரோம், பயர்பாக்ஸ் உலாவிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். படங்கள் உட்பட எல்லாம் புதிதாக வரும்.

3. இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அது வழக்கமான சேமிப்பைப் பயன்படுத்தாது. அங்கே புதியது தெரிந்தால், பிழை பழைய நகலில்தான்.

4. அப்படியானால் அமைப்புகளுக்குள் சென்று, சேமித்த படங்கள், கோப்புகள் என்பதை மட்டும் தேர்ந்து அழியுங்கள். கடவுச்சொற்களையும் சேர்த்து அழித்துவிட்டுப் பின்னர் வருந்தாதீர்கள்.

5. இதன் பிறகும் பழையதே தெரிந்தால், வேறு இணைப்பில் உள்ள வேறொரு கைப்பேசியில் பாருங்கள். அங்கும் பழையதே என்றால், பெரும்பாலும் சர்வரிலேயே இன்னும் மாற்றவில்லை. அல்லது வழியில் உள்ள வேறொரு கணினி பழைய நகலைத் தருகிறது. அப்போது பொறுத்திருப்பதே வழி.

ஓர் எச்சரிக்கை. விண்ணப்பம் நிரப்பும்போது ரிஃப்ரெஷ் செய்தால் எழுதியதெல்லாம் அழிந்துபோகலாம். பணம் கட்டும் பக்கத்திலோ, இருமுறை பணம் போய்விடவும் கூடும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள்.

அன்று அந்த அக்காவின் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு அண்ணன், கைப்பேசியை வாங்கிப் பக்கத்தை ஒருமுறை கீழே இழுத்து விட்டார். மதிப்பெண் பக்கம் வந்தது. அக்கா நல்ல மதிப்பெண்ணுடன் தேர்ச்சி பெற்றிருந்தார்! ஒரு விரலசைவில் தீர வேண்டியதற்கு ஒரு மணி நேரக் கண்ணீர்.

அந்தப் பக்கம் பொய் சொல்லவில்லை, தோழியரே. நேற்றைக்கு அது உண்மைதான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம் பெரியோர். மே மாதக் காலையில் நம் கண்ணில் பழைய பக்கம் பட்டால், அழுமுன் ஒருமுறை புதுப்பித்துப் பார்ப்போம். அருகில் கலங்கி நிற்கும் தோழிக்கும் சொல்லிக்கொடுப்போம்.