விசில் ஊதும், ஆனால் ஓடாது! ரயிலுக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தியம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது, கடிதம் டைப் செய்வது, படம் பார்ப்பது தவிர வேறு என்ன செய்யலாம் என்று பலர் கேட்கின்றனர். பொம்மை ரயிலுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்றால் நம்புவீர்களா? ஜெர்மனியில் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தபோது நானே பார்த்தேன்.

தம்பியின் தோட்டத்தில் 45 மி.மீ. அகலத்தில் பித்தளைத் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். ஜி ஸ்கேல் எனப்படும் பெரிய ரகம். மகனின் பிறந்த நாளுக்கு இரண்டே நாள் இருக்கையில் நீராவி இன்ஜின் மக்கர் செய்தது. "பெரியப்பா, விசில் ஊதுது, லைட் எரியுது, நகர மாட்டேங்குது" என்றான். கடையில் கேட்டால், டிகோடர் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள் என்று பதில்.

அது என்ன டிகோடர்? பழைய முறையில் தண்டவாளத்தின் வோல்டேஜைக் கூட்டினால் எல்லா இன்ஜின்களும் ஒன்றாக ஓடும். டி.சி.சி. எனப்படும் டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல் முறையில் வோல்டேஜ் எப்போதும் முழுதாக இருக்கும். கட்டளைகள் 0, 1 என அதிலேயே செல்லும். பாதி அலை 58 மைக்ரோ செகண்ட் என்றால் 1. 100 அல்லது அதற்கு மேல் என்றால் 0. நம் கம்ப்யூட்டரின் பாஷையேதான்! ஒவ்வொரு இன்ஜினிலும் உள்ள டிகோடர் சிப், தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்கும். அதன் செட்டிங்குகளுக்கு சி.வி. என்று பெயர்.

விசில் கேட்கிறது என்றால் எண் சரி. பிறகு ஏன் ஓடவில்லை? கண்ட்ரோல் பெட்டியை யு.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டருடன் இணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண்ணைப் பார்த்து, ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச சாப்ட்வேரின் பிரிபரன்சஸில் கொடுத்தேன். (ஜாவா இல்லாமல் இது இயங்காது.) டூல்ஸ் மெனுவில் புரோகிராமர்ஸ் சென்று, சிங்கிள் சி.வி. புரோகிராமரைத் திறந்து, 19 என டைப் செய்து ரீட் பட்டனைக் கிளிக் செய்தேன்.

இன்ஜினிடமிருந்து பதிலே இல்லை! வெயில், மழையில் கிடக்கும் பித்தளையில் படியும் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்துவிட்டு மீண்டும் கிளிக் செய்தேன். இன்ஜின் லேசாக உதறியது. எனக்கு உயிர் வந்தது! டிகோடர் பதில் சொல்வதே மோட்டாருக்கு ஒரு நொடித் துளி மின்சாரம் கொடுத்துத்தான். ஆகவே மோட்டார் பகுதி எரியவில்லை. திரையில் 7 என்று வந்தது.

சி.வி.19 என்பது இரண்டு இன்ஜின்களைச் சேர்த்து ஓட்டும்போது கொடுக்கும் கூட்டு எண். இதில் எண் இருந்தால் வேகக் கட்டளையை அந்த எண்ணில்தான் டிகோடர் கேட்கும். விசிலும் லைட்டும் பழைய எண்ணிலேயே இயங்கும். (135 என்று வந்தாலும் 7தான், 128 கூடியிருந்தால் தலைகீழ் திசை.) போன மாதம் இரண்டு இன்ஜின் பூட்டி ஓட்டியவர்கள் இதனை அழிக்கவில்லை. 19ல் 0 கொடுத்து ரைட் கிளிக் செய்தேன். அதாவது மவுசின் ரைட் கிளிக் அல்ல, எழுதும் பட்டன்! இன்ஜின் ஓடியது.

ஆனால் தோட்டத்தின் கோடியில் தடுமாறியது. அங்கே இரு தண்டவாளங்களின் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்துப் பார்த்தேன். பூஸ்டர் உடனே கட் ஆக வேண்டும், ஆகவில்லை. நாணயத்தைச் சட்டென்று எடுத்துவிட்டேன், இல்லையேல் சூடாகிவிடும். இணைப்புகள் தளர்ந்திருந்தன. ஸ்குருக்களை முறுக்கி, பூஸ்டரிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்த பின் நாணயத்தை வைத்ததுமே கட் ஆனது.

பிறந்த நாளன்று ரயில் ஓடியது. கூட்டு இன்ஜின்களைப் பிரித்ததும் இப்போது அவனே 19ஐத் திறந்து பார்த்துவிடுகிறான்.