புற்றுநோய்க் கணக்கும் தானியக் களஞ்சியமும்

ஒரு பிர்க்காவில் புற்றுநோய் அதிகம், அடுத்த பிர்க்காவில் குறைவு என்று ஜனங்கள் பேசிக்கொள்வது வழக்கம். காரணம் கேட்டால், சிலர் கிணற்றுத் தண்ணீரைச் சொல்வர். சிலர் உரத்தைச் சொல்வர். சிலர் விதி என்று கூறி நிறுத்திவிடுவர். இவற்றுள் எது உண்மை என்று ஆராய்வதற்கு முன்னர், நோய் உண்மையில் அங்கே அதிகந்தானா என்பதை நிச்சயிக்க வேண்டும். நிலத்தின் விளைவை மதிப்பிடுவதற்கு முறை இருப்பது போலவே நோயை மதிப்பிடுவதற்கும் முறை உண்டு. அம்முறையையும், அதன் மூலம் ஒரு பிரதேசத்தில் வெளிப்பட்ட உண்மையையும், அவ்வுண்மையில் குடியானவர்களுக்குள்ள பங்கையும் இக்கட்டுரை கூறும்.

கணக்கிடும் முறை

இரண்டு கிராமங்களின் நெல் விளைவை ஒப்பிடுகிறவர் களத்திலுள்ள குவியலை மட்டும் பார்ப்பதில்லை. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்றே கேட்பார். அவ்விதமே, ஓர் ஊரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்பது மட்டும் போதாது. ஒரு வருஷத்தில், லட்சம் ஜனங்களுக்கு, புதிதாக எத்தனை பேருக்கு நோய் கண்டது என்பதே உரிய அளவு. இதற்கு நோய் நிகழ்வு விகிதம் என்று பெயர். நோயாளி எந்த ஊர் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றார் என்பது இதில் கணக்கன்று. அவர் எந்த ஊரில் குடியிருப்பவர் என்பதே கணக்கு. இல்லாவிடில், பெரிய ஆஸ்பத்திரி உள்ள பட்டணங்களெல்லாம் நோய் மிகுந்தவையாகவும், ஆஸ்பத்திரியே இல்லாத தாலுக்காக்கள் நோயற்றவையாகவும் தோன்றும்.

வயதின் வித்தியாசம்

குறுவை நெல்லையும் ஆறுமாதச் சம்பாவையும் ஒரே நாளில் அறுத்து ஒப்பிடுவது எவ்வளவு பிசகோ, அவ்வளவு பிசகு வயதைக் கருதாமல் நோய் விகிதங்களை ஒப்பிடுவதும். புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் காணும் நோய். ஓர் உதாரணத்தால் இதனை அறியலாம்.

இரண்டு பிர்க்காக்களில் தலைக்கு 20,000 ஜனங்கள் இருப்பதாகக் கொள்வோம். முதலாவதில் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் 15,000 பேர், மேற்பட்டவர் 5,000 பேர். இரண்டாவதில் இளைஞர் பலர் வேலை தேடி வெளியேறிவிட்டமையால், ஐம்பதுக்கு உட்பட்டவர் 10,000 பேர், மேற்பட்டவர் 10,000 பேர். இரண்டு பிர்க்காக்களிலும் ஐம்பதுக்கு உட்பட்டவர்களுள் லட்சத்துக்கு 20 பேருக்கும், மேற்பட்டவர்களுள் லட்சத்துக்கு 200 பேருக்கும் நோய் காண்கிறது என்று வைத்துக்கொண்டால், முதற் பிர்க்காவில் 3-உம் 10-உமாக 13 நோயாளிகள் இருப்பர். இரண்டாவதில் 2-உம் 20-உமாக 22 நோயாளிகள் இருப்பர். லட்சத்துக்கு முன்னது 65, பின்னது 110. எந்த வயதை எடுத்தாலும் நோயின் வேகம் இரண்டிடத்தும் ஒன்றே. ஆயினும், மொத்த விகிதத்தை மாத்திரம் பார்ப்பவர் இரண்டாவது பிர்க்காவில் ஏதோ கேடு சூழ்ந்துள்ளது என்று அஞ்சுவார். இப்பிழையை நீக்குவதற்காகவே நிபுணர்கள் எல்லாப் பிரதேசங்களின் கணக்கையும் ஒரே விதமான வயதுப் பங்கீட்டுக்கு மாற்றி ஒப்பிடுகிறார்கள்.

சிறு கிராமத்தின் கணக்கு

ஆயிரம் பேர் உள்ள கிராமத்தில், லட்சத்துக்கு நூறு என்ற விகிதப்படி, வருஷத்துக்கு ஒரு நோயாளியே எதிர்பார்க்கத்தக்கது. ஆனால் ஒரு வருஷம் ஒருவரும் இல்லாமலும், மறு வருஷம் மூவருக்கு நோய் கண்டும் போகலாம். இது தற்செயல். ஒரு போகத்து மழையைக் கொண்டு ஒரு ஜில்லாவின் மழையளவை எவரும் தீர்மானிப்பதில்லை. பல வருஷக் கணக்கையும் பல கிராமங்களின் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பின்னரே ஓரிடத்தில் நோய் அதிகம் என்று சொல்லத்தகும்.

காலத்தால் ஏற்படும் மாறுதல்

விகிதம் வருஷந்தோறும் ஏறினால் நோய் பெருகுகிறது என்று உடனே கொள்ளலாகாது. புதிய ஆஸ்பத்திரியும் நல்ல பரிசோதனைக் கருவிகளும் வந்தவுடன், முன்பு பெயர் தெரியாமல் இறந்தவர்களின் நோய்க்கு இப்போது பெயர் கிடைக்கிறது, கணக்கும் ஏறுகிறது. ஆனால் ஒரே ஊரில் ஒரு வகைப் புற்று குறைந்து மற்றொரு வகை ஏறுமானால், அதனைப் பரிசோதனையின் பெருக்கத்தால் மட்டும் விளக்க இயலாது. சென்னைப் பட்டணத்தில் 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு நடந்து வருகிறது. ஆரம்ப வருஷங்களில் பெண்களிடம் கருப்பைக் கழுத்துப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பிற்காலத்தில் அது படிப்படியாகக் குறைய, மார்பகப் புற்று ஏறி முதலிடத்தை அடைந்தது. இடம் ஒன்றே, ஜனங்களின் வாழ்க்கை முறை மாற, நோயும் மாறியது. நாட்டுப்புறத்துக்கென்று மகாராஷ்டிரத்தில் பார்ஷி என்னுமிடத்தில் 1987-ல் பதிவேடு தொடங்கப்பட்டது. நம் ராஜ்யத்தில் திண்டுக்கல் ஜில்லாவின் கிராமங்களுக்கும் பதிவேடு ஏற்பட்டது.

சீடோங் பிரதேசத்தின் வரலாறு

உணவுத் தானியத்துக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நீண்டகாலப் பதிவேட்டினால் தெளிவாகக் காட்டிய பிரதேசம் சீன தேசத்திலுள்ள சீடோங் ஆகும். அது யாங்ட்ஸி நதி கடலில் கலக்குமிடத்துக்கு வடகரையில், ஷாங்காய் நகருக்கு அணித்தாக அமைந்த வண்டல் நிலப் பிரதேசம். ஜனங்கள் பெரும்பாலும் விவசாயிகள். அவர்கள் பல காலமாக மக்காச்சோளத்தையே பிரதான உணவாகக் கொண்டிருந்தனர்.

சீன தேசத்தார் 1973 முதல் 1975 வரையில் தேச முழுவதும் மரணக் காரணங்களைக் கணக்கெடுத்து, அதனைக் கொண்டு 1979-ல் புற்றுநோய்த் தேசப்படம் ஒன்றை வெளியிட்டனர். ஒரு வகைப் புற்று ஒரு பிரதேசத்தில் மிகுந்தும் வேறொரு பிரதேசத்தில் அரிதாயும் இருப்பது அதனால் வெளியாயிற்று. கல்லீரல் புற்று மிகுந்த இடங்களுள் சீடோங் ஒன்று. அங்குச் சில ஊர்களில், வயது வந்தோர் மரணங்களுள் பத்தில் ஒரு பங்கு வரையில் இந்நோயினாலேயே நேர்ந்தன. அப்பிரதேசத்தில் 1972 முதலே பதிவேடு இருந்தமையால், பிற்காலத்து மாறுதலை அளக்க முடிந்தது.

காரணங்களாகக் கண்டவை முக்கியமாக இரண்டு. ஒன்று, பலரைப் பற்றியிருந்த ஹெபடைடிஸ் ‘பி’ என்னும் கல்லீரல் தொற்று. மற்றொன்று, ஈரத்தில் கிடந்த மக்காச்சோளத்தில் உண்டாகும் பூசண விஷம். இவை தனித்தனியே செய்யும் தீங்கைவிடச் சேர்ந்து செய்யும் தீங்கு மிகப் பெரிது. ஷாங்காய் நகரில் 18,000-க்கு மேற்பட்ட ஆடவரைத் தொடர்ந்து கவனித்து 1990-களில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, இரண்டும் இல்லாதவரை நோக்க, விஷம் மட்டும் உடலிற் சேர்ந்தவருக்குக் கல்லீரல் புற்று வரக்கூடிய அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு. தொற்று மட்டும் உள்ளவருக்கு ஏறக்குறைய 7 மடங்கு. இரண்டும் உள்ளவருக்கோ ஏறக்குறைய 60 மடங்கு.

பூசண விஷம் எது?

ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சக்காளான், நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை முதலியவற்றில் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூசணமாகப் படரும். அது சுரக்கும் விஷத்துக்கு அக்காளானின் பெயரையொட்டியே அஃப்ளடாக்ஸின் என்று பெயரிட்டனர். 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோது, அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்ததில் இவ்விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. விஷத்துக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. வேக வைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றும் அழிவதில்லை.

இவ்விஷம் மிகுதியாகச் சேர்ந்தால் உடனே உயிரைப் போக்கும். 1974-ல் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் பருவந்தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்ட ஆதிவாசிக் குடும்பங்களில் 397 பேருக்குக் காமாலை முதலிய கேடுகள் கண்டன. அவர்களுள் 106 பேர் மாண்டனர். அதே உணவைத் தின்ற நாய்களும் இறந்தன. சிறிது சிறிதாகப் பல வருஷம் சேர்வதனால் விளையும் கேடு வெளியே தெரிவதில்லை. அதுவே கல்லீரல் புற்றாக முடியக்கூடியது.

சீடோங்கில் விகிதம் தாழ்ந்தது எவ்வாறு?

அப்பிரதேசத்தில் தானியத்தைப் பூசணம் பிடிக்காமற் காத்தல், குடிநீரைச் சீர்திருத்தல், ஹெபடைடிஸைத் தடுத்தல் ஆகிய மூன்றும் பிரசாரம் செய்யப்பட்டன. 1980-களில் விவசாயக் கொள்கை மாறவே, ஜனங்களுக்கு அரிசி தாராளமாகக் கிடைத்தது. மக்காச்சோளம் மனிதர் உணவிலிருந்து பெரும்பாலும் நீங்கி, அரிசி அதன் இடத்தை அடைந்தது. சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைப் பின்னர்ப் பரிசோதித்ததில், 1989-ல் நடுத்தர அளவாக, இரத்தப் புரதமான அல்புமினின் ஒரு மில்லிகிராமுக்கு 19.3 பைக்கோகிராம் இருந்த விஷ அடையாளம், 2009-ல் கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது.

நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், 1960-கள் முதல் 1980-கள் வரையில் பிறந்த தலைமுறைகளிடையே கல்லீரல் புற்றினால் நேரும் மரண விகிதம் பாதிக்கு மேல் குறைந்தது. இவர்கள் எல்லாரும், பிறந்த குழந்தைகள் யாவருக்கும் தடுப்பூசி போடும் ஏற்பாடு வருவதற்கு முன் பிறந்தவர்கள். ஆகையால் இக்குறைவைத் தடுப்பூசியின் பலனாகக் கொள்ள இயலாது. 2013-ல் வெளியான ஆராய்ச்சி, உணவுத் தானியம் மாறியதனால் விளைந்த நன்மை 65 சதவீதம் என்றும், அந்நன்மையில் 83 சதவீதம் ஏற்கெனவே தொற்று உடையவர்களுக்கே கிட்டியது என்றும் மதிப்பிட்டது. தொற்றை உடலிலிருந்து நீக்க இயலாதவர்களையும் தானியத்தின் சுத்தம் காத்தது என்பது இதன் பொருள்.

முப்பது வருஷக் கணக்கு இல்லாவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. வயது வாரியாகப் பிரித்துப் பாராமல் மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால், இளமையில் விஷம் ஏறிப்போன முதியவர்களின் நோய், இளையவர்களிடம் ஏற்பட்ட குறைவை மறைத்திருக்கும்.

நம் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

நம் ராஜ்யத்தில் கல்லீரல் புற்று சீடோங்கில் இருந்த அளவுக்கு இல்லை. ஆகையால் அச்சம் வேண்டுவதில்லை. ஆனால் அசட்டையும் ஆகாது. நிலக்கடலை நம்முடைய முக்கியப் பயிர். அதன் பருப்பைக் குழந்தைகள் உண்கின்றனர். பிண்ணாக்கைப் பசுக்கள் தின்கின்றன. பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் இவ்விஷத்தின் கூறு இறங்கும். பின்வரும் முறைகளுக்குச் செலவு சொற்பம்.

1. காய் முற்றும் தறுவாயில் வறட்சி நேர்ந்தால் பூஞ்சக்காளான் எளிதில் பற்றும். தண்ணீர் வசதியுள்ளவர்கள் அச்சமயம் ஒரு பாய்ச்சலாவது கொடுப்பது நலம்.

2. முற்றிய உடனே பறிக்க வேண்டும். மண்ணில் நெடுநாள் விட்டுவைத்த காயிலும், மண்வெட்டி பட்டு உடைந்த காயிலும், பூச்சி துளைத்த காயிலும் பூசணம் முதலில் நுழையும். அத்தகைய காய்களைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

3. பறித்த செடிகளை ஈரத்துடன் அம்பாரமாகக் குவித்து வைக்கலாகாது. காய் மேல்நோக்கி இருக்குமாறு பரப்பி உலர்த்த வேண்டும். ஈரப்பதம் நிலக்கடலையில் 8 சதவீதத்துக்கும், மக்காச்சோளத்தில் 12 சதவீதத்துக்கும் மேற்படாதிருத்தல் நன்று. நன்கு காய்ந்த காயைக் காதருகே ஆட்டினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்.

4. தோல் எளிதில் உடையவும், பருப்பு நொறுங்காதிருக்கவும் காயின்மேல் தண்ணீர் தெளிப்பது சில இடங்களில் வழக்கம். உலர்த்திய உழைப்பை இவ்வொரு செய்கை வீணாக்கிவிடும். இதனை அறவே ஒழிக்க வேண்டும்.

5. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டங்களின் மேல், சுவரை விட்டு விலக்கி அடுக்க வேண்டும். கூரை ஒழுகலாகாது. விதைக்கும் உணவுக்கும் பருப்பாக அன்றிக் காயாகவே சேமிப்பது மேல்.

6. சுருங்கிய பருப்பையும், நிறம் மாறிய பருப்பையும், பூசணம் கண்ட பருப்பையும் பொறுக்கி அழித்துவிட வேண்டும். விற்பதற்கு நல்லதை அனுப்பிவிட்டு, கழிவை வீட்டுக்கும் மாட்டுக்கும் வைத்துக்கொள்வது சிலரிடம் உள்ள வழக்கம். லாபம் போலத் தோன்றும் இதுவே பெரிய நஷ்டம்.

7. பிறந்த குழந்தைகளுக்கு ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படும் ஹெபடைடிஸ் ‘பி’ தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஓரூரின் நோய் விகிதம் கல்லிற் பொறித்த எழுத்தன்று. சீடோங்கில் நிலமும் நதியும் மாறவில்லை; ஜனங்கள் உண்ட தானியம் மாறியது, ஒரு தலைமுறைக்குள் கணக்கும் மாறியது. தங்கள் ஊரில் நோய் அதிகம் என்று ஐயுறுகிறவர்கள், வதந்தியை நம்பாமல், நோய் கண்டவரின் வயதையும் வருஷத்தையும் எழுதிவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவிப்பார்களாக. களத்துக் காயை ஈரம் போக உலர்த்துவது ஒவ்வொரு குடியானவரும் இந்தப் போகத்திலேயே செய்யக்கூடிய காரியம்.