கடல் கடந்த கிராமத்தில் ஒரு வீடு

உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளுக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்து, நகரத்து இரைச்சலை விட்டு அயல்நாட்டுக் கிராமம் ஒன்றில் குடியேறலாம் என்று ஆலோசிக்கிறவர்கள், சிசிலியில் ஒரு யூரோவுக்கு வீடு, ஜப்பானில் அற்ப விலைக்குத் தோட்டத்தோடு வீடு, பிரான்சின் நடுப்பகுதியில் நம் பெருநகரத்து அடுக்ககத்தைவிட மலிவாகக் கருங்கல் வீடு என்றெல்லாம் கேள்விப்பட்ட பிறகு, மற்ற விசாரணைகளை ஒதுக்கிவிட்டு விலையை மட்டுமே விசாரிக்கத் தொடங்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில் விலை கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி. இந்த மூன்று தேசங்களிலும் கிரயப்பத்திரம் கையில் இருப்பதனால் மட்டும் வசிக்கும் உரிமை வந்துவிடுவதில்லை.

வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் ஜீவிப்பதாக உறுதி கூறி, வருமானத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் அத்தாட்சி காட்டுகிறவருக்குப் பிரான்ஸ் நீண்டகால விசா வழங்குகிறது. இத்தாலியிலும் அத்தகைய விசா உண்டு. ஆனால் ஓய்வூதியம், வாடகை போன்ற வகையில் ஆண்டுக்குச் சுமார் 31,000 யூரோ வருவதாக நிரூபிக்க வேண்டும். ஜப்பானோ, அந்நியர் நிலம் வாங்குவதைத் தடுப்பதில்லை; ஓய்வுபெற்றவர்க்கென்று தனி விசாவும் அங்கே கிடையாது. சொந்த வீட்டில் விருந்தாளிபோலச் சில வாரம் தங்கிவிட்டுத் திரும்புவதில் திருப்தி உள்ளவர்க்கே அது பொருந்தும்.

சிசிலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சம்புகா என்னும் ஊர் 2019-இல் ஒரு யூரோவிலிருந்து ஏலம் தொடங்கி உலகப் பிரசித்தி பெற்றது. 5,000 யூரோ பிணைத்தொகை கட்டி, மூன்றாண்டுக்குள் குறைந்தது 15,000 யூரோ செலவிட்டுப் புதுப்பிக்க வேண்டும் என்பது அங்கே விதித்த நிபந்தனை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கே அட்சரசுத்தமாகப் பலிக்கும். கூரை விழுந்த வீட்டுக்குக் குறுகிய மலைச்சந்து வழியே சாமான் ஏற்றும் செலவொன்றே கதிகலங்க வைக்கும். தவிரவும், இத்தாலியர்க்குத் தன் மண்ணில் எத்தகைய சொத்துரிமையை ஒரு நாடு தருகிறதோ அதே உரிமையைத்தான் அந்நாட்டாருக்கு இத்தாலி தரும் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் வீட்டைப் பார்க்குமுன் அங்குள்ள நோட்டரியைப் பார்ப்பது உத்தமம்.

பிரான்சில், லிமூசான் பிரதேசத்துக் கிரெஸ் மாவட்டம் போன்ற இடங்களில், சட்டம் வாங்குகிறவனைத் தாராளமாகவே பாதுகாக்கிறது. முதல் ஒப்பந்தம் கைக்கு வந்தபின் பத்து நாள் அவகாசத்துக்குள், காரணம் எதுவும் சொல்லாமலே, வாங்குகிறவர் பின்வாங்கலாம். பழைய வீட்டுக்கு நோட்டரி மூலம் கட்டும் வரியும் கட்டணமும் சேர்ந்து கிரயத்தில் ஏழெட்டுச் சதவீதம் ஆகும். ஊர்ச்சாக்கடையோடு இணையாத வீட்டின் செப்டிக் டாங்க் விதிப்படி இல்லையென்று சோதனையில் தெரிந்தால், வாங்கியவர் ஓராண்டுக்குள் மாற்றியமைக்க வேண்டும். ஆகவே பேரம் பேசும்போதே அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேனிலில் குளுகுளுவென்றிருக்கும் அந்தக் கருங்கல் சுவர் பிப்ரவரியில் எலும்பைத் துளைக்கும் குளிரை வைத்துக்கொள்வதால், அந்த மாதத்தில் அவ்வூரில் வாடகைக்கு இருந்து பார்த்தபின் முடிவு செய்வது புத்திசாலித்தனம். பிள்ளைகளின் பாகத்தையும் மறந்துவிடலாகாது. ஒரு பிள்ளையானால் பாதியும், இருவரானால் மூன்றில் இரண்டும், அதற்கு மேலானால் நான்கில் மூன்றும் அவர்களுக்கே சேரவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம்.

ஜப்பானில் விஷயம் முற்றிலும் வேறு. அங்கே 2023-இல் எடுத்த கணக்கில் ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். இளைஞர்கள் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விட்டார்கள். வீட்டை இடித்தால், வீடு நிற்கும் மனைக்குள்ள வரிச்சலுகை போய்விடும் என்பதால், மூதாதையர் வீடுகளை இடிக்காமலே பலர் விட்டுவைக்கிறார்கள். ‘அகியா’ எனப்படும் இந்த ஆளில்லா வீடுகளை ஊர் நிர்வாகமே ‘அகியா பாங்கு’ என்ற பட்டியலில் அறிவிக்கிறது. அத்தகைய வீட்டின் இழுகதவைத் தள்ளித் திறந்தால், பழைய உரிமையாளரின் மெத்தைகளும், அலமாரியில் அடுக்கிய கிண்ணங்களும், சில வேளை முன்னோர்க்குப் பூஜை செய்த பீடமுங்கூட வைத்தது வைத்தபடி இருக்கக் காணலாம். இவற்றை அப்புறப்படுத்துவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் தரலாகாது. பாய் பதித்த தரையில் நடக்கும்போது கால் எங்கே அமிழ்கிறதோ அங்கே அடியிலுள்ள சட்டம் உளுத்திருக்கக் கூடும். குளியலறையை ஒட்டிய தூண்களை அடியில் தட்டிப் பார்த்தால் கரையானின் கைவரிசை தெரியும். வீடு 1981 ஜூன் மாதத்துக்கு முந்தியதா என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், ஏனெனில் பூகம்பத்தைத் தாங்குவதற்கான கட்டட விதிகள் அப்போதுதான் கடுமையாக்கப்பட்டன. 2024 ஜனவரி முதல் தேதி நோதோ தீபகற்பம் அதிர்ந்தபோது, சுசுவிலும் வாஜிமாவிலும் பாரமான ஓட்டுக்கூரையைச் சுமந்து நின்ற பழைய மர வீடுகள் பல தரைமட்டமாயின. கூடவே வயலும் வந்தால், உள்ளூர் விவசாயக் குழுவின் அனுமதியின்றி அதை வாங்க முடியாது. வாய்க்கால் தூர்வாரவும் புல் அறுக்கவும் ஊர்ச்சங்கம் அழைக்கும் காலையில், பாஷை தெரியவில்லை என்று வீட்டிலேயே இருந்துவிட்டவரை ஊர் மன்னிப்பது கடினம்.

வேலையினாலோ விவாகத்தினாலோ ஏற்கெனவே ஜப்பானில் நிலைத்தவருக்கு அகியாவையும், கட்டட வேலையையே பொழுதுபோக்காகக் கொண்ட தனவந்தருக்குச் சிசிலியையும், மாத ஓய்வூதியத்தில் அமைதியாக இருக்க விரும்பும் தம்பதிகளுக்குப் பிரான்சையும் நான் சிபாரிசு செய்வேன். இந்தியாவில் வசிப்பவர் ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடியது 2,50,000 டாலர். பழுதுபார்க்க அனுப்பும் தொகையும் அதற்குள்ளேயே அடங்கும். கணவனுக்கும் மனைவிக்கும் இந்த வரம்பு தனித்தனி என்பதால், கிரயத்தை மார்ச்சுக்குள் முடித்துப் பழுதுபார்ப்பை ஏப்ரலுக்குப் பின் தொடங்கினால் தாராளமாகக் கைவசம் இருக்கும்.