வீட்டில் வீடியோ எடிட்டிங்: கணினி வாங்கும் முன்

"எடிட்டிங் கத்துக்கறேன், கம்ப்யூட்டர் வாங்கித் தாங்கத்தா" என்ற பேச்சு இப்போது நம் பகுதியில் பல வீடுகளில் கேட்கிறது. கேட்பதில் தவறில்லை. நிக்காஹ், வலீமா, மதரஸா ஆண்டு விழா, ஜுமுஆ பயான், கடை விளம்பரம் என்று வேலை அக்கம்பக்கத்திலேயே இருக்கிறது. பெண் பிள்ளைகளும் வீட்டிலிருந்தபடியே செய்யலாம். சிக்கல் கடையில்தான் தொடங்குகிறது. பிள்ளை வண்ண விளக்கு எரியும் கேமிங் கணினியைக் காட்டுகிறான், விலையைக் கேட்டு அத்தா திகைக்கிறார், கடைக்காரர் தவணைத் திட்டத்தை எடுத்து நீட்டுகிறார்.

எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று தெரிய, எடிட்டிங்கில் கணினி என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். போனும் கேமராவும் ஒவ்வொரு காட்சியையும் முழுப் படமாகப் பதிவதில்லை. ஒரு முழுப் படத்தை எழுதி, அடுத்து வருபவற்றில் மாறியதை மட்டும் குறித்து வைக்கின்றன. நேராக ஓடவிட்டுப் பார்க்கும்போது இதனால் தொல்லையில்லை. எடிட்டர் நடுவில் ஓரிடத்தில் வெட்டினால், அந்த ஒரு படத்தைக் காட்டவே கணினி பின்னால் போய்க் கணக்குப் போட்டு வர வேண்டியிருக்கிறது. சினிமா தடங்கலின்றி ஓடும் பழைய கணினி எடிட்டிங்கில் திக்கித் திணறுவது இதனால்தான்.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. எடிட்டிங் மென்பொருளில் 'பிராக்ஸி' என்று ஒரு வசதி இருக்கும். அது ஒவ்வொரு வீடியோவுக்கும் தரம் குறைந்த சிறு நகலைச் செய்துகொள்ளும். வெட்டி ஒட்டும் வேலை அந்த நகலில் நடக்கும், கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் வீடியோ பயன்படும். தரம் குறையாது. புதுக் கணினி கேட்கும் பிள்ளை, வீட்டில் இருப்பதிலேயே பிராக்ஸி வைத்து ஒரு மாதம் வேலை செய்து காட்டட்டும். ஆர்வம் நிலைக்குமா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், ஹெச்.பி. டெஸ்க்டாப்கள் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இன்டெல் ஐ5 எழுத்துக்குப் பின்னால் வரும் எண் 8400, 8500 என்று இருந்தால் அது எட்டாம் தலைமுறை. அதற்குக் கீழே போக வேண்டாம். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11-ஐ ஏழாம் தலைமுறைக்காரர்களில் மிகச் சிலவே முறைப்படி ஏற்கின்றன. 16 ஜி.பி. ராம், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் 1080 தர வேலைக்குப் போதும். ஒல்லியான சிறு பெட்டி வகை அழகாக இருக்கும், ஆனால் பிறகு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு போட இடமிருக்காது. உயரமான டவர் பெட்டியாகக் கேளுங்கள்.

தவணை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்பதில் பெரும்பாலும் வங்கி வட்டி போடுகிறது, அதே அளவு தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிக்கிறது. கார்டு ஸ்டேட்மென்டில் வட்டி என்ற வரியும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தக் காகிதத்தை நம் ஆலிமிடம் காட்டிக் கேளுங்கள். ஹலாலான வருமானத்துக்காகத் தொடங்கும் தொழிலின் முதல் பில்லிலேயே சந்தேகம் எதற்கு?

மென்பொருளிலும் அப்படித்தான். 'கிராக்' செய்தது அடுத்தவர் உழைப்பைத் திருடுவது. அதோடு வைரஸும் வரும். ஷாட்கட், கேடன்லைவ் இரண்டும் முழுக்க இலவசம், எளிய கணினியிலும் ஓடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு தொழில்தரமானது, ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் திணறும்.

பலர் கடைசியில் நினைப்பதும், என் கருத்தில் முதலில் பணம் ஒதுக்க வேண்டியதும், வீடியோவை வைக்கும் இடம்தான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. எடுக்கும். இரண்டு கேமரா, நான்கு மணி நேரம் என்றால் 360 ஜி.பி. கணினி மெதுவாக ஓடினால் வேலை தாமதமாகும், அவ்வளவுதான். ஹார்டு டிஸ்க் போனால் நிக்காஹ்வை மறுபடி நடத்த முடியாது. இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் முழுகியது நினைவிருக்கும். ஒரே அலமாரியில் இருக்கும் இரண்டு நகலும் ஒரே நகல்தான். மழைக்கால மின்வெட்டுக்கு ஒரு சிறு யு.பி.எஸ். அவசியம். அது தரும் சில நிமிடங்கள் வேலையைச் சேமித்துக் கணினியை அணைக்கப் போதும்.

அந்த ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அடுத்த வீட்டுப் பெண்களின் படமும்தான். நம்பிக் கொடுத்த அமானிதம் அது. கணினிக்கு கடவுச்சொல் போடுவது மட்டும் காவலாகாது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் திறக்கும். வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கையே பூட்டலாம். அதன் கடவுச்சொல்லை மறந்தால் உங்களுக்கும் திறக்காது, எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கணினியை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் வாடிக்கையாளர் வீடியோவை எடுத்துவிடுங்கள். பெண்கள் பகுதியில் எடுத்ததைப் பெண் பிள்ளையே எடிட் செய்வது நல்லது. எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே அந்தக் குடும்பத்திடம் பேசி, கேட்காமல் ஒரு துண்டைக்கூட இன்ஸ்டாகிராமில் மாதிரியாகப் போடாதீர்கள்.

முதல் பயிற்சிக்கு வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய வி.ஹெச்.எஸ். கேசட்டையே எடுக்கலாம். மவுத்தாகிவிட்ட நன்னாவின் குரல் அதில் மட்டுமே இருக்கக்கூடும். வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. ஓடும் வி.சி.ஆர். யார் வீட்டிலாவது இருந்தால் இரவல் வாங்கி, யு.எஸ்.பி. கேப்சர் கருவி வழியாகக் கணினியில் ஏற்றலாம். மூன்று மணி நேர கேசட் ஏற மூன்று மணி நேரம் ஆகும். போடும் முன் கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவும் கிழியும், வி.சி.ஆரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியே எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.